பீப்பாய்க்குள் இருப்பவரும் கொம்புக்கு முன் ஓடுபவரும்

கேள்வி: அமெரிக்காவில் நடக்கும் ரோடியோ என்ற மாடு, குதிரை சவாரிப் போட்டிகளின் வீடியோக்களை அடிக்கடி பார்க்கிறேன். வீரன் உயிரைப் பணயம் வைத்துக் காளை மேல் ஏறுகிறான். பக்கத்திலேயே முகத்தில் சாயம் பூசிய கோமாளிகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். மாடு திரும்பினால் ஒருவர் பீப்பாய்க்குள் போய் ஒளிந்துகொள்கிறார். இந்தக் கோழைத்தனத்துக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களாமே?
– வாசகர் ஒருவர், தேனி

பதில்: ‘கோழைத்தனம்’ என்பதை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த மைதானத்தில் இறங்கும் யாருக்கும் அது பொருந்தாது. நீங்கள் குறிப்பிடும் ஆட்களுக்கு அறவே பொருந்தாது.

நீங்கள் ஒரே கும்பலாகப் பார்த்தது இரண்டு வேறு வேலைகளை. மாட்டுக்கு முன்னால் ஓடுகிறவர் புல்ஃபைட்டர். பீப்பாயோடு நிற்பவர் பேரல்மேன். மைக்கைப் பிடித்துக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் கோமாளி வேலையும் பெரும்பாலும் அவருடையதுதான். ஸ்பெயினில் வாளோடு நிற்பவரை இங்கே நினைத்துக்கொள்ளாதீர்கள். ரோடியோ புல்ஃபைட்டர் கையில் ஆயுதம் எதுவும் கிடையாது. வீரர் கீழே விழுந்த நொடியிலிருந்து அவர் வேலியில் ஏறித் தப்பும்வரை, காளையின் கவனத்தைத் தன் மேல் திருப்பி வைத்திருப்பதுதான் அவருடைய வேலை.

அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிய, வீரர் பிடித்துக்கொள்ளும் கயிற்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். காளை மேல் 8 நொடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு கையால் மட்டுமே பிடிக்கலாம். மற்றக் கை மாட்டின் மேலோ தன் மேலோ பட்டால் ஆட்டம் போச்சு. காளையின் முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு தட்டைக் கயிறு. அதன் நுனியை உள்ளங்கையில் சுற்றி, பிசின் தேய்த்த தோல் கையுறையோடு வீரர் இறுக்கிப் பிடிக்கிறார். கயிற்றுக்கு அடியில் ஒரு மணி தொங்கும். கையை விட்டதும் அந்த மணியின் கனத்தில் கயிறு தானாகக் கழன்று விழ வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பிடித்த கைக்கு எதிர்ப்பக்கமாக விழுந்துவிட்டால் சுற்று முறுக்கிக்கொள்ளும். கை மாட்டிக்கொள்ளும்.

700, 800 கிலோ காளை துள்ளிச் சுழல்கிறது. ஆள் அதன் விலாவில் தொங்குகிறார். அவர் கால்கள் குளம்புகளுக்கு அருகே அடிபடுகின்றன. அந்த நேரத்தில் ஒரு புல்ஃபைட்டர் நேராகக் கொம்புகளுக்கு முன்னால் போய், தொடுகிற தூரத்தில் நின்று மாட்டைத் தன் பக்கம் இழுப்பார். இன்னொருவர் காளையின் விலாவை ஒட்டியே ஓடி, எம்பி, கயிற்றின் நுனியைக் கண்டுபிடித்து உருவ வேண்டும். மாடு நிற்காது. அதோடு அவரும் சுழல வேண்டும். கை விடுபட்டதும் வீரர் மண்ணில் விழுவார். அப்போது கொம்புக்கு மிக அருகில் இருப்பவர் அவரைக் காப்பாற்றியவர்தான். எல்லாம் சில நொடி. வீடியோவில் அதைப் பார்த்து ‘ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள்’ என்று எழுதுகிறீர்கள்.

அந்த ஓட்டத்திலும் சூட்சுமம் உண்டு. நேராக ஓடினால் காளையிடமிருந்து மனிதன் தப்ப முடியாது. ஆனால் அவ்வளவு பெரிய உடம்பால் சின்ன வட்டத்தில் சட்டெனத் திரும்ப முடியாது. அதனால் நல்ல புல்ஃபைட்டர் மாட்டைவிட்டு விலகி ஓடுவதில்லை. அதன் தோளை ஒட்டி, உள்வட்டத்தில் ஓடுகிறார். பயம் தூரப் போகச் சொல்லும்போது பக்கத்தில் போவதற்கு எத்தனை வருடப் பழக்கம் வேண்டும்! கால் வழுக்காமலிருக்கக் கால்பந்து வீரர்களைப் போல அடியில் குமிழ் வைத்த ஷூ போடுகிறார்கள். சட்டைக்குள் கவசம் உண்டு. இப்போது பெரிய போட்டிகளில் பலர் சாயமே பூசுவதில்லை. விளையாட்டு ஜெர்சியோடு வருகிறார்கள்.

அப்புறம் ஏன் கோமாளி வேஷம் என்று கேட்டால், தொடக்கத்தில் அவர்கள் கோமாளிகள்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு போட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கூட்டம் சலித்துப் போகாமலிருக்க ஆள் வைத்தார்கள். 1920களில் பிராமன் எனப்படும் திமில் மாடுகள் ரோடியோவுக்குள் வந்தன. இந்தியாவிலிருந்து போன கிர், ஓங்கோல், காங்கிரேஜ் இனங்களின் வழியில் அமெரிக்காவில் உருவான இனம் அது. ஆளை உதறிவிட்டு ஓடிப்போகாமல், திரும்பி வந்து முட்டும் மாடுகள் அவை. மைதானத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர் கோமாளி. காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1950களில் வாஷிங்டன் மாநிலத்துக்காரர் விக் பெத் களத்துக்கு வந்தார். வேடிக்கையை விட்டுவிட்டு, காளையைச் சமாளிப்பதையே முழு வேலையாக எடுத்துக்கொண்ட முன்னோடி என்று அவரைச் சொல்கிறார்கள். அதன் பிறகு இரண்டு வேலைகளும் மெல்லப் பிரிந்தன.

சரி, பீப்பாய்க்கு வருகிறேன். டெக்சஸைச் சேர்ந்த ஜாஸ்போ ஃபுல்கர்சன் மரப் பீப்பாயை மைதானத்துக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். இன்று அது உலோகத்தில், உள்ளும் புறமும் மெத்தை வைத்து வருகிறது. புல்ஃபைட்டர் அகப்பட்டுக்கொண்டால் சுற்றி ஓட நடு மைதானத்தில் ஒரு மறைவு வேண்டும், அதற்குத்தான் அது. உள்ளே இருப்பவர் தலையை நீட்டிச் சத்தம் போட்டு மாட்டைத் தன்னிடம் வரவழைக்கிறார். காளை முட்டி உருட்டும்போது பீப்பாயோடு அவரும் உருள்கிறார். மற்றவர்கள் வேலிக்கு ஓடலாம். பேரல்மேன் ஓட முடியாது. அதையா ஒளிந்துகொள்வது என்கிறீர்கள்?

சிரிக்கவைப்பதையும் லேசாக எண்ண வேண்டாம். ஒரு வீரர் அடிபட்டு அசையாமல் கிடக்கிறார்; மருத்துவக் குழு குனிந்திருக்கிறது; ஆயிரக்கணக்கானோர் மூச்சுப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிமிடங்களைக் கோமாளிதான் தாங்க வேண்டும். எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியாதவரால் அங்கே நிற்க முடியாது. இதில் பெரும் பேர் எடுத்த ஃபிளின்ட் ராஸ்முசென் மொன்டானாவில் பள்ளி ஆசிரியராக இருந்து கணக்குப் பாடம் நடத்தியவர். 2009இல் மாரடைப்பு வந்தது; குணமாகித் திரும்ப மைதானத்துக்கே வந்தார். லெசில் ஹாரிஸ் 2020இல், 83ஆம் வயதில், மிசிசிப்பியின் ஜாக்சனில் டிக்ஸி நேஷனல் ரோடியோவில் கோமாளியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்களிலேயே காலமானார்.

இவர்கள் இருந்தும் எல்லா உயிரும் தப்புவதில்லை. 1989 ஜூலை 30, வயோமிங்கின் ஷையென். காளை சவாரி வீரர் லேன் ஃப்ராஸ்ட் 8 நொடியை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். மண்ணில் விழுந்தவரைக் காளை முதுகில் முட்டியது. எழுந்தார், உதவிக்குக் கையசைத்தார், சரிந்தார். வயது 25. அவருடைய நண்பரும் சக வீரருமான கோடி லாம்பர்ட் அதற்குப் பிறகு உருவாக்கிய நெஞ்சுக் கவசம்தான் இன்று காளை சவாரி வீரர்கள் அணிவது. சவாரியை வெற்றிகரமாக முடித்துவிட்டாலும், அதற்கு அடுத்த நொடிதான் கொல்கிறது. புல்ஃபைட்டரின் வேலை தொடங்குவதும் அந்த நொடியில்தான்.

மாடுகளை இப்படித் துள்ளவிடுவது சரியா என்று கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. எனக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு. நீங்கள் கேட்டது அதுவல்ல.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆண்டு முடிவில் லாஸ் வேகஸில் ரோடியோவின் தேசிய இறுதிப் போட்டி நடக்கிறது. அங்கே இறங்கப்போகும் புல்ஃபைட்டர்கள் யார் என்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் முன்னணிக் காளை சவாரி வீரர்களே. நீங்கள் வீரன் என்று மெச்சும் அதே ஆட்கள், தங்கள் உயிரை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்.