பெயருக்கு ஒரு திருமுழுக்கு வேண்டாம்

கேள்வி: திருநெல்வேலியில் சைவக் குடும்பத்துப் பெண் நான். கத்தோலிக்கரான நண்பரைத் திருமணம் செய்ய இருக்கிறேன். சர்ச்சில் கல்யாணம் நடக்க நான் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் அவர் அம்மா. எல்லா சாமியும் ஒன்றுதானே, பெயருக்கு வாங்கிக்கொண்டால் என்ன? அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

பதில்: சகோதரி, வாங்கியே ஆகவேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை, திருச்சபையும் சொல்லவில்லை. திருமுழுக்குப் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும், பங்குத்தந்தை மூலமாகக் கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கும் மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும்.

பெயருக்கு வாங்குவது வேண்டவே வேண்டாம். அந்தச் சடங்கில் உங்களிடம் நேராகக் கேட்பார்கள்: இயேசு கடவுளின் ஒரே மகன் என்று நம்புகிறீர்களா, உடலின் உயிர்ப்பை நம்புகிறீர்களா என்று. நம்புகிறேன் என்று சபை நடுவே சொல்லவேண்டும். பிறவி ஒன்றுதான், பிறகு தீர்ப்பு, உயிர்ப்பு என்பது அவர்கள் நம்பிக்கை. உயிரைக் கட்டியிருக்கும் ஆணவம், கன்மம், மாயை என்கிற மூன்று அழுக்குகளும் அறும்வரை உயிர் பிறந்து பிறந்து வரும் என்பது உங்கள் அப்பாவின் சைவம். இது சாமியின் பெயர் மட்டும் மாறுகிற விஷயம் இல்லை, செத்த பிறகு நமக்கு என்ன ஆகும் என்பதே மாறுகிறது. அப்புறம், ஒருமுறை பெற்ற திருமுழுக்கு அழியாது என்பது திருச்சபையின் போதனை. நம்பாமல் வாங்கினால் அவர் அம்மாவின் விசுவாசத்துக்கும் அது மரியாதை இல்லை.

ஆனால் இரண்டுக்கும் ஒட்டே இல்லை என்றும் நினைக்காதீர்கள். சிவன் அருளால்தான் சிவனை வணங்கவே முடியும் என்கிற மாணிக்கவாசகரிடம் கிறிஸ்தவர்கள் நெருங்கி வருவது இந்த அருள் என்கிற இடத்தில்தான், மனிதன் தன் முயற்சியால் மட்டும் கரையேற முடியாது என்று இருவருமே நம்புவதால். கிறிஸ்தவப் பாதிரியார் ஜி.யு. போப் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்டார். அதற்காக அவர் சைவராகவில்லை. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போய் மொட்டை போடுகிற இந்துக்கள் எத்தனையோ பேர், அவர்களும் மதம் மாறியவர்கள் இல்லை. மதம் மாறாமலே ஒருவர் மற்றவர் பக்தியை மதிக்க நம் ஊரில் எப்போதுமே வழி இருந்திருக்கிறது.

நீங்கள் உட்கார்ந்து பேசவேண்டியது பிள்ளைகளைப் பற்றி. ஆயர் அனுமதிக்காக உங்கள் நண்பர், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டும். நீங்கள் அப்படி வாக்குத் தரவேண்டியதில்லை, அவர் தருவதை உங்களுக்குத் தெரிவித்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் கேளுங்கள்: பிள்ளைக்கு நான் திருநீறு பூசினால் சம்மதமா, உன் அம்மா தடுத்தால் நீ என்ன சொல்வாய்? கோயில் பிரசாதத்தையும் கேளுங்கள், ஏனென்றால் படையலைச் சாப்பிடலாமா என்பது பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்திலேயே வருகிற சிக்கல், இன்றும் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

அந்த வாக்குக்கு உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால், பதிவுத் திருமணத்துக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும். ஆயர் அனுமதி இல்லாமல் அப்படிச் செய்தால் திருச்சபை அதைத் திருமணமாக ஏற்காது, அவர் பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்கமுடியாமல் போகும். இதையும் அவர் இப்போதே யோசிக்கட்டும். அப்பாவிடம் நீங்களே போய், நான் மதம் மாறப்போவதில்லை என்று முதலில் சொல்லுங்கள். அவர் கோபத்தில் பாதி அந்தப் பயமாகத்தான் இருக்கும்.