காதுக்குப் பின்னால் இறுகிய எலும்பு

கேள்வி: எனக்கு வயது 38. சளி பிடிக்கும்போதெல்லாம் இடது காதில் சீழ் வடிவது சிறு வயதிலிருந்தே உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த சிடி ஸ்கேன் அறிக்கையில், இடப்பக்க மாஸ்டாய்டு எலும்பில் காற்றறைகள் இல்லாமல் இறுகியிருப்பதாகவும், சிக்மாய்டு சைனஸ் முன்தள்ளியும் மூளை உறை தாழ்ந்தும் இருப்பதாகவும், வலப்பக்கம் இயல்பாக இருப்பதாகவும் எழுதியுள்ளார்கள். இது பிறவிக் கோளாறா? என் ஆறு வயது மகனுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: பிறவிக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு என்றே கருதுகிறேன். அதற்கான தடயம், வலப்பக்கம் இயல்பாக இருக்கிறது என்று நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட வரியில் இருக்கிறது.

காது மடலுக்குப் பின்னால் விரலுக்குத் தட்டுப்படும் மேடுதான் மாஸ்டாய்டு. பிறந்த குழந்தைக்கு அந்த மேடு இருப்பதில்லை. நடுக்காதையொட்டி உள்ளே ஒரு சிறு குழி மட்டும் இருக்கும். நடுக்காதுக்குக் காற்று தடையின்றி வந்துபோனால், அந்தக் குழியைச் சுற்றிக் காற்றறைகள் பெருகி, நன்கு வெந்த இட்லியைப் பிட்டால் தெரியும் கண்ணறைகளைப் போலப் பதின்பருவத்துக்குள் எலும்பெங்கும் பரவிவிடும். காற்று வரும் வழியான யூஸ்டேஷியன் குழல், பெரியவர்களுக்கு ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளத்தில் சரிவாக அமைந்திருக்க, கைக்குழந்தைக்கோ அதில் பாதி நீளத்தில், கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருப்பதால், மூக்குச் சளியோடு கிருமிகள் எளிதில் நடுக்காதை எட்டிவிடுகின்றன.

இப்படி வரும் அழற்சியே காற்றறைகளை வளரவிடாமல் தடுக்கிறது என்று ஜெர்மனியின் காது மருத்துவர் விட்மாக் 1918இல் எழுதினார். காற்றறைகளின் அளவு பரம்பரையாக அமைவது, அவை குறைந்தவர்களுக்கே நோய் நீடிக்கிறது என்று 1940இல் சுவீடனின் மருத்துவர் டியாமன்ட் அதைத் தலைகீழாகத் திருப்பினார். வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் பரம்பரை மட்டுமே காரணமென்றால் உங்கள் இரு பக்கமும் பெரும்பாலும் ஒத்திருந்திருக்கும் என்பதால், உங்கள் விஷயத்தில் நான் விட்மாக் பக்கம் சாய்கிறேன்.

சிக்மாய்டு சைனஸ் என்பது மூளையிலிருந்து ரத்தத்தைக் கீழே கொண்டுவரும் பெரிய சிரை. மூக்கடைப்புக்காரர்கள் சொல்லும் சைனஸுக்கும் இதற்கும் உறவில்லை. காற்றறை வளராத எலும்பில் இந்தச் சிரை முன்னாலும் மூளை உறை கீழேயும் நெருங்கியிருப்பது அடிக்கடி காணப்படுவதுதான். அவை சீழை உண்டாக்குவதில்லை. டிரில்லால் எலும்பைக் குடையும் மருத்துவருக்கு இடத்தைக் குறுக்குகின்றன, அவ்வளவே. நீங்கள் கவலையோடு தேட வேண்டியது, எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா என்ற தோல் திரட்சி இருக்கிறதா, கேட்கும் சிற்றெலும்புகள் அரிக்கப்பட்டுள்ளனவா என்பதை. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தலை சுற்றினாலோ, காய்ச்சலுடன் கடும் தலைவலி வந்தாலோ அறுவை சிகிச்சைத் தேதிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மகனுக்குத் தொந்தரவு எதுவும் இல்லாதபோது, கதிர்வீச்சுக்கு உள்ளாக்கி ஸ்கேன் எடுப்பது வேண்டாத வேலை. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை செவிப்பறையைப் பார்த்து, கேட்கும் திறனைச் சோதித்தால் போதும். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறான், டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான் என்றால் அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் அறுவை சிகிச்சைக்குப் போகும்போது அறிக்கைத் தாளோடு நிறுத்தாமல், ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தச் சிரை எத்தனை மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிறது என்பதை மருத்துவர் தம் கண்ணால் பார்க்கவே விரும்புவார்.