தாடைக்குக் கால் எலும்பா?

கேள்வி: தம்பிக்கு வயது 28. கீழ்த்தாடையில் அமெலோபிளாஸ்டோமா கட்டி. 9 செ.மீ. அளவுக்கு எலும்பை வெட்டிவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்போம் என்கிறார்கள். இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்தால் போதாதா? அப்புறம் அவனால் நடக்க முடியுமா?

பதில்: இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வரும் கட்டி. அதனால்தான் சுற்றியுள்ள நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுகிறார்கள்.

இடுப்பெலும்புத் துண்டைத் தனியாக வைத்தால், சுற்றியுள்ள சதையிலிருந்து ரத்தம் ஊறி வந்துதான் அது பிழைக்க வேண்டும். 5, 6 செ.மீ. இடைவெளி வரை பார்க்கலாம். 9 செ.மீ. என்றால் சீழ் பிடிக்கவோ கரைந்துபோகவோ வாய்ப்பு அதிகம். காலின் வெளிப்பக்கத்து ஒல்லி எலும்பான ஃபிபுலாவை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்துக் கழுத்துக் குழாயோடு தைத்துவிடலாம். எலும்பு உயிரோடு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நேரான அந்த எலும்பைத் துண்டுபோட்டுத் தாடை வளைவுக்கு மடக்கி, டைட்டானியம் தகட்டில் திருகுவார்கள். தாடைக்கு இந்த முறை 1989 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

நடையைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். உடல் எடையைத் தாங்குவது பக்கத்திலுள்ள பெரிய எலும்பு. மூட்டுகள் ஆடாமலிருக்க ஃபிபுலாவின் மேலும் கீழும் சுமார் 6 செ.மீ. விட்டுவைப்பார்கள். முதலில் வாக்கர் தேவைப்படும். சிலருக்குக் கால் கட்டைவிரலை மடக்கும் பலம் குறையலாம். ஆனால் காலுக்கு சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தார்களா என்று கேளுங்கள். சிலருக்குப் பாதத்துக்கு ரத்தம் போவதே முக்கியமாக ஃபிபுலாவோடு எடுக்கும் இந்தக் குழாய் வழியாகத்தான். அந்தக் காலைத் தொடக்கூடாது.

என்னைக் கேட்டால், ஆபரேஷனைவிட அடுத்த 3 நாள்தான் பதற்றமானவை. எலும்போடு சேர்த்துக் காலிலிருந்து எடுத்து வைத்த தோலை, மணிக்கொரு தடவைகூட, பார்ப்பார்கள்; ஊசியால் லேசாகக் குத்துவதும் உண்டு. பளிச்சென்று சிவப்பு ரத்தம் கசிந்தால் சரி. கருநீலமாகக் கொப்பளித்தால் சிரைக்குழாய் அடைத்திருக்கிறது; வெளுத்துப்போய் ரத்தமே வராவிட்டால் தமனியில் கோளாறு. சில மணி நேரத்துக்குள் திறந்து சரிசெய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். இரவில் இதை யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். தம்பி சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தட்டும்.

தாடை நரம்பையும் எடுத்தால் அந்தப் பக்கத்து கீழுதடு மரத்துப்போகும். உதட்டில் உணவு ஒட்டியிருப்பதே தெரியாது. சாப்பிடும்போது கண்ணாடி பக்கத்தில் இருக்கட்டும். பல்லுக்கு, எலும்பு சேர்ந்தபின் இம்ப்ளான்ட் (எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கலாம். பெரும்பாலும் ஆறு மாதமாவது ஆகும்.