நர்சிங் தவிர மருத்துவத் துறையில் வேறு என்ன படிக்கலாம்? மருத்துவச் சொற்களை எப்படிக் கற்பது?

பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறேன், நீட் எழுதும் எண்ணமில்லை, மருத்துவமனையில் வேலை செய்ய ஆசை, ஆனால் அந்த வாயில் நுழையாத பெயர்களைப் பார்த்தாலே பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியனாக இருப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

படிப்பின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே நோயாளியோடு எவ்வளவு நேரம் இருக்க உங்களால் முடியும் என்று யோசியுங்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுப்பவருக்கு ஓர் ஆளோடு சில நிமிடங்கள்தான். அதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்பார். டயாலிசிஸ் டெக்னீஷியனின் கதையே வேறு. ஒருவர் படுத்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, அதுவும் வருடக்கணக்கில். அவர் பேத்தியின் கல்யாணச் செலவு வரை உங்களுக்குத் தெரிந்துவிடும். அவர் வராமலே போகும் நாளையும் தாங்க வேண்டியிருக்கும். பிசியோதெரபிஸ்ட் என்றால் பக்கவாதம் வந்தவர் பத்தடி நடப்பதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனுக்குப் பேச்சு குறைவு, கவனம் அதிகம்.

எங்கள் ஆய்வகத்தில் நோயாளி பெரும்பாலும் ஒரு குழாய் ரத்தமாகத்தான் வந்து சேர்கிறார். அந்தக் குழாயை இலேசாக நினைக்க வேண்டாம். ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற பொட்டாசிய உப்பு இருக்கும். ரத்த அணுக்களை எண்ண அதுதான் சரி. ஆனால் அந்த ரத்தத்தில் கொஞ்சம் வேறு குழாயில் கலந்துவிட்டால் பொட்டாசியம் பயங்கரமாக ஏறியும் கால்சியம் அடியோடு இறங்கியும் காட்டும். நோயாளியோ சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார். அப்படியொரு முடிவைக் கண்டதும் கோளாறு உடம்பிலா குழாயிலா என்று சந்தேகப்படத் தெரிந்தவர்தான் டெக்னீஷியன். எந்திரத்தின் பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம்.

தமிழ்நாட்டில் இந்தத் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துக் கலந்தாய்வு நடத்திவந்திருக்கிறது. 2021இல் இத்துறைகளுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது முதல் விதிகள் மாறிவருவதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டையே நம்புங்கள். 'ஆறே மாதத்தில் நர்ஸ்' என்று பேருந்து நிலையத்துக்கு எதிரே பலகை மாட்டியிருப்பவர்களை நம்பாதீர்கள். நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத சான்றிதழை வைத்துக்கொண்டு நர்ஸ் வேலை பார்க்க முடியாது. பட்டப்படிப்பு என்றால், கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்றதா என்று பார்ப்பது முதல் வேலை. இணைப்பு இல்லை என்றால், எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது என்று நேரடியாகக் கேளுங்கள்.

இனி அந்தப் பெயர்கள். பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டவைத்தவை. முழுச் சொல்லை உருப்போடாமல் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, 'எக்டமி' வந்தால் வெட்டி அகற்றுவது, 'ஸ்கோப்பி' வந்தால் கருவி நுழைத்துப் பார்ப்பது. முன்னால் 'ஹெபட்' என்றால் கல்லீரல், 'நெஃப்ர்' என்றால் சிறுநீரகம். இனி ஹெபடைட்டிஸும் நெஃப்ரெக்டமியும் யாரும் சொல்லித்தராமலே புரியும். இப்படி ஐம்பது துண்டுகள் கைவசமிருந்தால் முதல் வருடப் பாடப் புத்தகம் மிரட்டாது.

ஆனால் சில இடங்களில் உஷாராக இருக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை குறைந்தால் ஹைப்போகிளைசீமியா, கூடினால் ஹைப்பர்கிளைசீமியா. முன்னதற்குச் சர்க்கரை கொடுக்க வேண்டும், பின்னதற்கு அதைக் குறைக்கும் இன்சுலின் போன்ற மருந்து. மாறினால் ஆபத்து. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பின் மேற்பகுதியும் இலியம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசமாவது உண்டு, தமிழில் அதுவும் கிடையாது!

சுருக்கெழுத்துகள் இன்னும் மோசம். மாத்திரைச் சீட்டில் 'ஓ.டி.' என்றால் நாளைக்கு ஒரு வேளை. கண் மருத்துவரின் சீட்டில் அதுவே வலது கண். இன்சுலின் அளவில் 10க்குப் பக்கத்தில் யூனிட்டைக் குறிக்கும் ஆங்கில 'யூ' எழுத்தை அவசரமாகக் கிறுக்கினால் 100 போலத் தெரியும். அதனால்தான் யூனிட் என்று முழுதாக எழுதச் சொல்கிறார்கள். புரியாத சீட்டு வந்தால் பக்கத்திலிருப்பவரிடம் ஊகம் கேட்காமல், எழுதிய மருத்துவருக்கே போன் செய்யுங்கள். அவர் எரிந்து விழுந்தால் விழட்டும்.