‘சுவற்றில்’ எழுதலாமா? கடலூர் வாசகர் வட்டத்தில் தமிழ்ப் பிழைகள் பற்றிய கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசகர் வட்டம் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு. இந்த முறை எழுத்துப் பிழைகளை எடுத்துக்கொண்டோம். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. சீட்டில் எழுதித் தந்தவை, நேரில் கேட்டவை, புதுச்சேரியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தவை எல்லாம் இதில் கலந்திருக்கின்றன.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தந்தை: மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம் அம்மா. பத்திரிகையில் ‘திருவளர்ச்செல்வி’ என்று எழுதிக் கொடுத்தேன். சம்பந்தி வீட்டில் ‘ச்’ வரக்கூடாது என்கிறார்கள். யார் சொல்வது சரி?

சம்பந்தி வீட்டார் சொல்வதுதான் சரி. ‘திருவளர்செல்வி’ என்றே போடுங்கள். திரு வளர்ந்த செல்வி, வளர்கின்ற செல்வி, வளரும் செல்வி என்று மூன்று காலத்துக்கும் பொருந்துவதால் இது வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று, அதாவது நடுவில் கூடுதலாகச் சேரும் புள்ளி எழுத்து, மிகாது. ஊறுகாய், சுடுசோறு எல்லாம் இதே வகைதான். யாரும் ‘ஊறுக்காய்’ என்று எழுதுவதில்லை. ‘திருநிறைசெல்வன்’ என்பதற்கும் இதே விதி. இன்னும் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் ‘திருவளர்’, கடைசிப் பிள்ளை என்றால் ‘திருநிறை’ என்று சில வீடுகளில் வழக்கம் வைத்திருக்கிறார்கள். அது அவரவர் விருப்பம்.

பத்திரிகை இன்னும் அச்சேறவில்லை என்றால், அடியில் ‘அவ்வண்ணமே கோரும்’ என்ற வரியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதை ‘கோறும்’ என்று வல்லின ‘று’ போட்டு அடிக்கடி எழுதிக்கொண்டு வருகிறார்கள். கோருதல் என்றால் கேட்டுக்கொள்ளுதல். ‘கோறல்’ என்றால் கொல்லுதல்! திருக்குறளில் ‘கொல்லாமை’ அதிகாரத்தின் முதல் குறளிலேயே அந்தச் சொல் இருக்கிறது. மங்கல காரியத்துக்கு அச்சடிக்கும் தாளில் அது வேண்டாம்.

பண்ருட்டி, தையல் கடை வைத்திருப்பவர்: கடைச் சுவரில் ‘சுவற்றில் நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதி வைத்தேன். ஒரு வாத்தியார் நின்று படித்துவிட்டு, தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன தப்பு என்று சொல்லவில்லை.

காரணத்தையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ‘சுவரில்’ என்று இருக்க வேண்டும். ஆறு, வயிறு, கிணறு என ‘று’ என்று முடியும் சொற்கள்தான் ஆற்றில், வயிற்றில், கிணற்றில் என்று மாறும். உங்கள் சொல் ‘சுவர்’. அது ‘ர்’ என்று முடிகிறது. ஊர் என்பது ஊரில், தேர் என்பது தேரில் ஆவது போல, சுவர் என்பது சுவரில் ஆகும்.

வடலூரிலிருந்து ஒரு தாய்: அக்கா, பையன் எட்டாம் வகுப்பு. சந்தி என்றாலே பயப்படுகிறான். எங்கே ஒற்று போடுவது, எங்கே விடுவது என்று எனக்கும் சொல்லித்தரத் தெரியவில்லை. இதெல்லாம் அவசியம்தானா?

வடலூரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. ‘அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை’ என்று பையனை ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்குச் சத்திய ஞான சபைக்குப் போகிற பிள்ளைக்கு அது மனப்பாடமாக இருக்கும். பிறகு ஒரு தாளில் பிரித்து எழுதிக் காட்டுங்கள். அருள், பெரும், ஜோதி. தனி, பெரும், கருணை.

‘அருள்’ என்பதில் இருந்த ‘ள்’, ‘பெ’ வந்ததும் ‘ட்’ ஆகிவிட்டது. ‘பெரும்’ என்பதில் இருந்த ‘ம்’, ‘ஜோ’வின் முன்னால் ‘ஞ்’ ஆனது. அதே ‘ம்’ ‘க’வின் முன்னால் ‘ங்’ ஆனது. தனி, பெரும் இரண்டுக்கும் நடுவில் ‘ப்’ புதிதாக முளைத்தது. ஒரே மந்திரத்தில் நான்கு புணர்ச்சி. அவன் இதை வாய் தடுமாறாமல் சொல்கிறான் என்றால் விதிகள் அவன் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன என்று பொருள். ‘அருள்பெரும்ஜோதி’ என்று வேகமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தி எதற்கு என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

அவசியமா என்று கேட்டீர்கள். கட்டாயம் அவசியம், ஒற்றை விட்டால் பொருள் மாறிவிடும். ‘கீரைக்கடை’ என்றால் கீரை விற்கிற இடம். ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்வது. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது, ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது.

தொடக்கத்தில் மூன்று இடங்கள் போதும். ‘ஐ’ வெளிப்படையாக வந்தால் அடுத்து வரும் க, ச, த, ப எழுத்துக்கு முன் ஒற்று வரும்: மீனைக் கழுவினாள். ‘கு’ வந்தால் வரும்: சந்தைக்குப் போனாள். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின் வரும்: அந்தக் கடை. அன்றாடம் நாம் எழுதும் ஒற்றுகளில் பெரும்பகுதி இந்த மூன்றில் அடங்கும். இவை கைக்கு வந்த பிறகு, வராத இடங்களைக் காட்டுங்கள்: வந்த பையன், அது போயிற்று, ஒரு குடம், செடி கொடி, வெற்றிலை பாக்கு. வகுப்பில் தொகை, வேற்றுமை என்று பெயர்களை முதலில் அடுக்கி மிரட்டுவதால்தான் பிள்ளைகள் தமிழ்த் தேர்வுக்குப் பயப்படுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

புதுச்சேரி, ஃபிளெக்ஸ் வடிவமைக்கும் இளைஞர்: ‘பயிற்ச்சி மையம்’ என்று ஒரு போர்டு செய்தேன். எட்டுக்குப் பத்து அடி. மாட்டிய பிறகு பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் அக்கா. இதற்கு ஏதாவது சுலபமான வழி உண்டா?

உண்டு தம்பி. ‘ட்’, ‘ற்’ இந்த இரண்டு எழுத்துக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வரவே வராது. பயிற்சி, முயற்சி, விற்பனை, காட்சி, கட்சி, நட்பு. ‘ற்ச்’, ‘ற்ப்’, ‘ட்ச்’ என்று திரையில் எங்கே கண்டாலும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது புள்ளி எழுத்தை நீக்கலாம். ‘ய்’, ‘ர்’, ‘ழ்’ மூன்றுக்கும் பின்னால் வரலாம்: காய்ச்சல், வளர்ச்சி, வாழ்க்கை. ‘வளர்ச்சி’யைப் பார்த்துப் பழகிய கைதான் ‘பயிற்ச்சி’ என்று அடிக்கிறது.

இதோடு இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ‘ன’வில் எதைப் போடுவது என்று குழம்பினால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். ‘ட’ வந்தால் ‘ண்’: வண்டி. ‘த’ வந்தால் ‘ந்’: பந்து. ‘ற’ வந்தால் ‘ன்’: கன்று. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிப் பெயர்களே இதைத்தான் சொல்கின்றன.

செம்மண்டலம், கல்லூரி மாணவி: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? எங்கள் குழுவில் ஒவ்வொரு பொங்கலுக்கும் இதே சண்டை.

வாழ்த்துகள். வீடுகள், நாடுகள், கதவுகள் என்று எழுதுகிறோம், ‘வீடுக்கள்’ என்று எழுதுவதில்லை. அதே வழியில் வாழ்த்துகள், எழுத்துகள், கருத்துகள். பசுக்கள், தெருக்கள், பூக்கள் ஆகியவற்றில் ஒற்று கட்டாயம். பசு, தெரு இரண்டும் இரண்டே குறில் எழுத்து, பூ ஒரே எழுத்து, ஒற்று இல்லாமல் ஓசை நிற்காது. ஆனால் ‘வாழ்த்துக்கள்’ என்று நல்ல தமிழறிஞர்களே எழுதியிருக்கிறார்கள். அன்போடு வாழ்த்துகிறவரை எல்லார் முன்னிலையிலும் திருத்துவதை என்னால் ஏற்க முடியாது. நாள்கள், நாட்கள் இரண்டும் எழுதலாம்.

அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவர்: அறிவிப்பு எழுதுவது என் வேலை. எதைக் கவனிக்க வேண்டும், டீச்சர்?

முதலில் ஒருமை பன்மை. ‘பணிகள் நடைபெற்று வருகிறது’ என்று எழுதாதீர்கள். பணிகள் என்றால் ‘வருகின்றன’. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பதும் பிழை, ‘ஒவ்வொரு மாணவரும்’ என்பதே சரி. ‘அவைகள்’ வேண்டாம், ‘அவை’ என்பதே பன்மை.

இதைவிட எனக்குப் பெரிய குறை வேறு. ஒரு மாதிரி வாக்கியம் எழுதிக் காட்டுகிறேன்: ‘குடிநீர்க் குழாய்கள் பழுதுபார்க்கும் பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருவதால் நாளைய தினம் பொதுமக்களுக்குக் குடிநீர் விநியோகம் செய்யப்படமாட்டாது.’ இதில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் குடத்தோடு நிற்கிற பெண்ணுக்கு இது எப்படிப் புரியும்? ‘குழாயைப் பழுதுபார்க்கிறோம். நாளை தண்ணீர் வராது.’ இவ்வளவுதான் செய்தி. ‘படு’, ‘மேற்கொள்’, ‘தினம்’ என்று வளர்த்துக்கொண்டே போனால் மரியாதை கூடும் என்ற எண்ணம் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. யார் செய்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று நேராக எழுதுங்கள். மக்கள் படித்தவுடன் புரிந்துகொள்வதே மரியாதை.

மனைத் தரகர், கடலூர்: ‘பேருந்து நிலையத்துக்கு மிக அருகாமையில்’ என்று விளம்பரம் போடுகிறோம்...

‘மிக அருகில்’ என்று போடுங்கள். கல்லாமை, இல்லாமை, அருகாமை: ‘ஆமை’ வந்தால் எதிர்மறை.

பேருந்து நடத்துநர் ஒருவர்: என் சட்டையில் ‘நடத்துனர்’ என்று இருக்கிறது. உள்ளே பலகையில் ‘நடத்துநர்’ என்று இருக்கிறது.

பலகையில் இருப்பது சரி. ‘நர்’ என்பதுதான் விகுதி. ஓட்டுநர், இயக்குநர், பெறுநர், அனுப்புநர். பொருநர் என்ற சங்ககாலச் சொல்லிலும் இந்த ‘நர்’தான்.

புதுச்சேரி, ஐ.டி. வேலையில் இருப்பவர்: தமிழ்ப் பிழை இருக்கட்டும் அக்கா. மீட்டிங்கில் என் ஆங்கிலத்தைத் திருத்துகிறார்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’ தப்பாம், ‘டிட் யூ வென்ட்’ தப்பாம்.

இரண்டும் பிழைதான். இரண்டும் நம் தமிழ் மனசிலிருந்து வருகிறவை. நாம் ‘அதைப் பற்றிப் பேசலாம்’ என்கிறோம். அந்தப் ‘பற்றி’தான் ‘அபவுட்’ ஆகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ அடக்கம், தனியாக வேண்டாம். ஆனால் ‘டிஸ்கஷன் அபவுட்’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால் சரி. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

‘போனாயா’ என்று நாம் கேட்கும்போது இறந்தகாலம் அந்த வினையிலேயே இருக்கிறது. ஆங்கிலக் கேள்வியில் காலத்தை ‘டிட்’ சுமந்துகொள்கிறது. ஆகவே வினை ‘கோ’ என்று பழைய உருவத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டிலும் காலம் காட்டக்கூடாது.

குறித்த நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவதைச் சொல்லும் ‘ப்ரீபோன்’ என்பதைத் திருத்தினால் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தியாவில் வேரூன்றிய சொல் அது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. வெளிநாட்டவருக்குப் புரியவில்லை என்றால் மட்டும் விளக்குங்கள். ‘கசின் பிரதர்’ என்று சொல்வதையும் நான் குறையாகப் பார்க்க மாட்டேன். அத்தை மகன், மாமா மகன், சித்தப்பா மகன், பெரியம்மா மகள் என்று தனித்தனியே உறவு சொல்கிற நமக்கு வெறும் ‘கசின்’ எப்படிப் போதும்?

தேவனாம்பட்டினம், பேத்தியோடு வந்த பாட்டி: நான் ‘நேத்து’, ‘காத்து’ன்னா இந்தப் பொண்ணு என்னைத் திருத்துதும்மா.

பாட்டி பேசுவதில் பிழையே இல்லை கண்ணு. நேற்று, காற்று, ஆற்று, வெற்றிலை எல்லாவற்றிலும் ‘ற்ற’ என்பது பேச்சில் ‘த்த’ ஆகிறது. ஒன்றில் ஆகி இன்னொன்றில் ஆகாமல் இருப்பதில்லை. பேச்சுக்கு அதன் ஒழுங்கு உண்டு. நீ பரீட்சைத் தாளில் ‘காற்று’ என்று எழுது, பாட்டியோடு ‘காத்து’ வாங்கப் போ.

புதுச்சேரி, ஓய்வுபெற்றவர்: புதுச்சேரி, பாண்டிச்சேரி, புதுவை. எதை எழுதுவது?

எழுத்தில் புதுச்சேரி. 2006 முதல் அதிகாரபூர்வப் பெயரும் அதுவே. ‘புதுவை’ என்பது மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆனதைப் போல மக்கள் வாயில் சுருங்கி இலக்கணமும் ஏற்றுக்கொண்ட வடிவம். தாராளமாக எழுதலாம். எங்கள் பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூர் ‘திருப்பாப்புலியூர்’ ஆனதும் அப்படித்தான். ஆனால் முகவரியில் முழுப்பெயரை எழுதுங்கள், நடுவில் வரும் ‘ப்’பையும் விட்டுவிடாதீர்கள்.

அதே வாசகர்: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் போர்ச்சுக்கீசியச் சொற்கள். ஒதுக்க வேண்டாமா?

நூற்றாண்டுகளாக நம் வீட்டுக்குள் இருக்கிற சொற்கள் ஐயா. சாளரம் அழகான சொல், விரும்பினால் எழுதுங்கள். ஜன்னல் என்று எழுதுகிறவரைப் பிழை செய்தவராக நான் எண்ண மாட்டேன்.

கடலூர் முதுநகர், மளிகைக் கடைக்காரர்: காசோலையில் தமிழில் தொகை எழுதுகிறேன். எப்படி எழுத வேண்டும் என்று சொன்னால் போதும்.

தமிழில் எழுதுவதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பன்னிரண்டு என்று எழுதுங்கள், ‘பன்னிரெண்டு’ இல்லை. ஐந்நூறு, இரண்டு ‘ந’ வரும். ‘ஆயிரத்தி’ இல்லை, ஆயிரத்து. தொள்ளாயிரம் என்பதில் ‘ள்’ளை விடாதீர்கள். பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய் மட்டும். ‘ரூபாய்கள்’ வேண்டாம். எண் முன்னால் வந்துவிட்டால் ரூபாய்க்குக் ‘கள்’ தேவையில்லை.