நெம்பினாலும் வராத லிம்பெட், நடுக்கடல் தீவுக்கு எப்படிப் போனது?

போன ஞாயிறு, கடல் வற்றிய நேரத்தில் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவுப் பாறைகளைப் பார்க்க வந்தவர்கள், பாறையில் ஒட்டி வாழும் கூம்பு ஓட்டு நத்தையான லிம்பெட்டைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை.

பிடோக்கிலிருந்து: அக்கா, பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடப்பது ஹவாய் வரை எப்படிப் போயிருக்கும்?

பெரியது போகாது, குஞ்சுதான் போகும். முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விட்டுவிடும். அதில் பிறக்கும் லார்வா தூசியளவு, கூடவே இருக்கும் கருவுணவை வைத்துச் சில நாள் மிதக்கும், அதற்குள் பாறை கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. ஹவாயோ கண்டங்களிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே வாழும் செல்லானா என்ற பேரின லிம்பெட்டுகளின் மரபணுவைப் பார்த்தால் எல்லாம் ஒரே வம்சம், நெருங்கிய சொந்தம் ஜப்பான் பக்கம். பல லட்சம் ஆண்டுகளில் வேர்விட்ட குடியேற்றம் ஒன்றே ஒன்றுதான் போல.

ஈசூனிலிருந்து: சரி, ஒன்று எப்படிப் பல இனமானது? தீவுக்கு ஒன்றா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை, ஒரே கரையில், நம் புளோக் மாதிரி மாடி மாடியாகக் குடியிருக்கின்றன. வெயில் காயும் மேல்பாறையில் எக்ஸாராட்டா, அலை அடிக்கும் கீழ்ப்பாறையில் சாண்ட்விசென்சிஸ், வற்றினாலும் நனைந்தே இருக்கும் இடத்தில் டல்கோசா. மேலே பிழைக்கச் சூடு தாங்கும் உடம்பு வேண்டும், கீழே அலையோடு மல்லுக்கட்ட வேண்டும். இரண்டுங்கெட்டானுக்கு எங்கேயும் இடமில்லை. எனக்குத் தூரத்தைவிட இந்த ஓரிரண்டு மீட்டர் உயரம்தான் ஆச்சரியம்.

தெம்பனிஸிலிருந்து: லார்வா மிதக்காவிட்டால் தீவுக்குப் போகவே முடியாதா?

முடியும். தெற்குப் பெருங்கடலில் சைஃபனேரியா லேட்டராலிஸ் என்ற, லிம்பெட் மாதிரியே இருக்கும் நத்தை, முட்டையிலிருந்து நேராகக் குட்டி நத்தையாகவே வெளிவரும், ஆனாலும் தென் அமெரிக்காவின் தென்கோடியான பட்டகோனியாவிலும் இருக்கிறது, இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள கெர்குலன் தீவிலும் இருக்கிறது. புயலில் பிய்ந்த கெல்ப் என்ற பெரிய கடற்பாசிதான் அதற்குத் தெப்பம். இதன் உறவுக்காரர்கள் நம் கடற்சுவரிலும் உண்டு: ஓட்டின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், வலப்பக்கம் லேசாகப் புடைத்திருந்தால் அது சைஃபனேரியா, அசல் லிம்பெட் இல்லை.

உட்லண்ட்ஸிலிருந்து: இங்கே பக்கத்தில் இருக்கும் குசு தீவில் தனி இனம் உருவாகுமா?

கஷ்டம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் 120 மீட்டர் இறங்கியிருந்தது, இங்கிருந்து ஜாவாவுக்கே நடந்து போயிருக்கலாம். தனிமை என்பதே நேற்று வந்ததுதான்.

அதே உட்லண்ட்ஸ் அண்ணன்: லிம்பெட்டைச் சாப்பிடலாமா?

ஹவாயில் ஓபிஹி என்று பச்சையாகவே சாப்பிடுகிறார்கள், ஓடு ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் எடுக்கக்கூடாது. நம் சுவரில் இருப்பது நகத்தளவு அண்ணே, சம்பலுக்கே பத்தாது.