உம்பளச்சேரி மாட்டுக்கு மானியம்: நீங்கள் கேட்டவை

ரெண்டு லிட்டர் கறக்கிற மாட்டுக்கு எதற்கு மானியம்? அந்தப் பணத்தைக் கலப்பின மாட்டுக்குக் கொடுத்தால் பாலாவது கிடைக்குமே? (மன்னார்குடி)

பாலை மட்டும் அளந்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நம் டெல்டாவின் நாட்டு மாட்டினமான உம்பளச்சேரியை நம் முன்னோர்கள் பாலுக்காக வளர்க்கவே இல்லை. முழங்கால் சேற்றில் நாள் முழுக்க இழுக்கிற உழவு மாடு அது. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் முளைக்கிற உப்பருகுப் புல்லைத் தின்றே உடம்பைத் தேற்றிக்கொள்ளும். டிராக்டர் வந்ததும் அதன் வேலை போயிற்று, வேலை போனதும் விலையும் போயிற்று, அப்புறம் பால் சொசைட்டியில் லிட்டர் கணக்கில் பணம் கொடுக்க ஆரம்பித்ததும் நிறையக் கறக்கிற மாடுதான் மாடு என்று ஆகிவிட்டது. வேலையை இழந்த மாட்டைப் பால் கணக்கில் தோற்கடிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

மானியம் கொடுப்பதாக இருந்தால் எப்படிக் கொடுக்க வேண்டும்? (திருத்துறைப்பூண்டி)

மாடு வாங்குவதற்குக் கொடுக்கவே கூடாது என்பேன். வாங்கக் கொடுத்தால் ஒரு கொட்டிலில் நின்ற மாடு இன்னொரு கொட்டிலுக்குப் போகும், நடுவில் தரகருக்குக் காசு, அடுத்த கோடையில் வைக்கோல் விலை ஏறினால் அதே மாடு சந்தைக்கு வந்துவிடும். இனத்தில் ஒரு தலைகூடக் கூடியிருக்காது. வைத்துக் காப்பாற்றுகிறவருக்கு வருஷா வருஷம் கொடுங்கள்: பசு சொந்த இனக் காளைக்குச் சினையாகி, ஈன்று, கன்று ஒரு வயதைத் தாண்டினால் பணம். பசுவைச் சினைப்படுத்தும் பொலிகாளை வைத்திருப்பவருக்குத் தனியாக, கூடுதலாக. காளை கறக்காது, தீவனம் மட்டும் தின்னும், அதனால்தான் ஊரில் முதலில் காணாமல் போவது அதுதான். காளை போன ஊரில் பசு மட்டும் இருந்து என்ன பிரயோசனம்?

இன்னொன்று, மேய்ச்சல். மந்தைவெளியும் புறம்போக்கும் இல்லாமல் கையில் பணம் மட்டும் கொடுத்தால் அது தீவன மூட்டையிலேயே கரைந்துவிடும்.

சினை ஊசி இருக்கும்போது காளை எதற்கு? (பட்டுக்கோட்டை)

ஊசி நல்லதுதான், உம்பளச்சேரி உறைவிந்து என்று கேட்டு வாங்குங்கள், எதைப் போட்டார்கள் என்று எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பருவத்துக்கு வரும் பசுவுக்கு ஊரில் நிற்கிற காளைதான் துணை.

50 சதவீத மானியம் என்கிறார்களே, இந்த மாட்டுக்கு உண்டா? (வாய்மேடு)

நீங்கள் சொல்வது தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டம் என்றால், அது ஆடு, கோழி, பன்றி போன்றவற்றுக்கு. பசுமாட்டுக்கு இல்லை. அதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பராமரிப்புச் செலவுக்கு உழவர் கடன் அட்டை கால்நடைக்கும் கிடைக்கும், வங்கியில் கேளுங்கள். நல்ல வித்துக் கன்றுக்குக் கொருக்கை அரசுக் கால்நடைப் பண்ணையில் விசாரியுங்கள்.

அசல் உம்பளச்சேரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வேளாங்கண்ணி)

கொம்பு இல்லாததை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த இனத்துக்கு மொட்டை மாடு என்று பேர் வந்ததே கன்றிலேயே கொம்பைத் தீய்ப்பதால்தான், அதை எந்தக் கன்றுக்கும் செய்யலாம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா, குளம்புக்கு மேலே காலுறை போட்ட மாதிரி வெள்ளை இருக்கிறதா, வால் நுனி வெள்ளையா என்று பாருங்கள். முடிந்தால் அதன் கன்றைப் பாருங்கள். பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், ஆறு எட்டு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்த மாற்றத்தின் நடுவில், முதுகில் செம்மையும் சாம்பலும் கலந்து நிற்கிற கன்றைப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

காப்பீடு செய்த மாடு செத்தது, பணம் தரவில்லை. (கீழ்வேளூர்)

காதில் வில்லை இருந்ததா? 12 இலக்க எண் உள்ள அந்த வில்லை இல்லாவிட்டால், செத்தது காப்பீடு செய்த மாடுதான் என்று நிரூபிப்பது கஷ்டம். வில்லை கழன்று விழுந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லி வேறு மாட்டி, புது எண்ணைக் காப்பீட்டிலும் ஏற்றச் சொல்லுங்கள். அரசு மானியத்தோடு செய்கிற காப்பீட்டில் பிரீமியத்தில் இப்போது விவசாயி பங்கு 15 சதவீதம்தான், அதனால் அடுத்த மாட்டுக்கும் விட்டுவிடாதீர்கள்.